குருத்துக்குத் தண்ணீர் தெளித்தால் புது இலை விரியுமா?

மாடித்தோட்டம்:
நேற்று இங்கே பச்சைவீடு எழுதிய பதிலைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. வேளச்சேரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். ஹாலில் மான்ஸ்டெரா வைத்திருக்கிறார், பெரிய இலையில் வெட்டு வெட்டாகப் பிளவு விழுமே, அந்தக் கொடி. வாங்கி 8 மாதம். புது இலை பாதி விரிந்து நுனி மாட்டிக்கொண்டது, ஓரம் கருகிவிட்டது. அடுத்து வந்த இலை சின்னதாக, ஒரு வெட்டுகூட விழாமல் வந்திருக்கிறது. அதற்குப் பச்சைவீடு தந்த வைத்தியம் ஒரே வரி: குருத்துக்குத் தினம் 3 வேளை தண்ணீர் தெளியுங்கள், தானாக விரியும்.

வேரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வெளிச்சம் எவ்வளவு, மண் என்ன, எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று ஒரு கேள்வி இல்லை. அந்தப் பதிலுக்கு 40 பேர் கைதட்டல்.

என்னிடம் சின்ன ஈரப்பதமானி ஒன்று இருக்கிறது. இன்று காலை ஏசி ஓடும் அறையில் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். 46 சதவீதம் காட்டியது. ஸ்பிரேயரை எடுத்து இலை, தண்டு எல்லாம் நனையத் தெளித்தேன். 61 வரை ஏறியது. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். 11-வது நிமிடம் மறுபடி 47. இந்த 11 நிமிடத்துக்காகவா 3 வேளை? பச்சைவீடு சார், நீங்கள் தெளிக்கும் ஈரம் உங்கள் வீட்டில் எத்தனை நிமிடம் நிற்கிறது?

பச்சைவீடு:
மேடம், என் மான்ஸ்டெராவில் இதுவரை 14 இலை வந்திருக்கிறது. 14-க்கும் தெளித்தேன். ஒன்றுகூட மாட்டியதில்லை. உங்கள் கருவி சொல்வதைவிட என் செடி சொல்வது எனக்குப் பெரிது. குருத்து என்பது இறுக்கிச் சுருட்டிய பாய் மாதிரி. காய்ந்து ஒட்டிக்கொண்டால் விரியாது, இழுத்தால் முறியும். நனைந்தால் வழுக்கிக்கொண்டு பிரியும். இதற்கு மீட்டர் எதற்கு?

பால்கனி_புதுசு:
கேட்டது நான்தான். மேடம் சொல்வது காற்றில் இருக்கும் ஈரம், சார் சொல்வது இலைமேல் படும் ஈரம் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டும் ஒன்றா?

மாடித்தோட்டம்:
தம்பி, எந்த ஈரமாக இருந்தாலும் 11 நிமிடம்தான். அதைத்தான் கேட்டேன், அவர் 14 இலை என்று கணக்குச் சொல்கிறார். என் வீட்டில் மான்ஸ்டெரா 3, மணி பிளாண்ட் 9, ரப்பர் செடி 2. எதற்கும் தெளிப்பது கிடையாது. போன மாதம் வந்த மான்ஸ்டெரா இலை என் இரண்டு கையையும் விரித்து வைத்தால்கூட மறையாது.

நான் செய்தது இவ்வளவுதான். மண்ணுக்குள் விரலை இரண்டு கணு விட்டுப் பார்ப்பேன். காய்ந்திருந்தால் அடித் துளை வழியாக வெளியே ஓடும் வரை ஊற்றுவேன், ஈரமாக இருந்தால் தொடமாட்டேன். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுவேன். குருத்து வெளியே வரும் சமயத்தில் மட்டும் ஒருநாள்கூட மறக்கமாட்டேன். ஒரு வாரம் காயவிட்டு அடுத்த வாரம் குளிப்பாட்டினால் இலை பாதியில் நின்றுபோகும், நின்ற இடத்தில் கருகும். தம்பியின் செடிக்கு நடந்தது இதுதான் என்று அடித்துச் சொல்வேன்.

பாட்டனி_வாத்தியார்:
மேடம் சொன்ன வேர் விஷயம் சரி. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். சுருளில் இருக்கும்போதே இலையின் செல்கள் பெரும்பாலும் உருவாகிவிடுகின்றன. அதற்குப் பிறகு அவை தண்ணீரை வாங்கி உப்புகின்றன, அந்த அழுத்தத்தில்தான் இலை விரிகிறது. அந்தத் தண்ணீர் வேரிலிருந்து வர வேண்டும்.

கால்சியமும் அந்தத் தண்ணீரோடுதான் ஏறுகிறது. ஓர் இலைக்குப் போன கால்சியம் அங்கேயே தங்கிவிடும், பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்குக் கொடுக்கச் செடியால் முடியாது. நைட்ரஜனையும் மக்னீசியத்தையும் அப்படி எடுத்துக்கொடுக்கும், அதனால்தான் அந்தக் குறைகள் பழைய இலையில் முதலில் தெரிகின்றன. கால்சியம் குறைந்தால் அடி வாங்குவது புது இலை: ஓரம் கருகும், கோணலாக வரும். இரும்பும் அப்படியே. புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்பைச் சந்தேகப்படுங்கள், உப்புத் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இது அதிகம்.

இன்னொன்று. எல்லாரும் குருத்து குருத்து என்கிறீர்கள். வீட்டுச் செடிக்குத் தளிர் என்பதுதான் பொருத்தம்.

டெல்டாக்காரன்:
ஐயா, சுருட்டிக்கொண்டு வந்தால் அது குருத்துதான். வாழைக்குக் குருத்து, தென்னைக்குக் குருத்து, பனைக்குக் குருத்து. மாமரத்துக்கும் வேம்புக்கும்தான் தளிர், கொழுந்து எல்லாம். மான்ஸ்டெராவும் வாழை மாதிரி ஒருவித்திலைதானே? பாட்டனி படித்தவர் இதைச் சொல்லலாமா?

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கொல்லையில் 200 வாழை. வெயில் காலத்தில் 7 முதல் 10 நாளுக்கு ஒரு குருத்து வரும். தலைக்குமேலே நிற்கும் குருத்துக்கு ஏணி வைத்து ஏறித் தெளித்தவன் எங்கள் ஊரில் யாரும் இல்லை. காலில் தண்ணீர் கட்டினால் குருத்து ஏறும், முறை தவறினால் நிற்கும்.

பச்சைவீடு:
வாழைக்கு மழை பெய்கிறதே, அது மேலிருந்து விழும் தண்ணீர் இல்லையா? பனி இறங்குகிறதே? கொல்லையில் இயற்கை தெளிக்கிறது, ஹாலில் நான் தெளிக்கிறேன். இவ்வளவுதான் நான் சொன்னது.

மாடித்தோட்டம்:
மழைத் தண்ணீரில் உப்பு இல்லை சார். வேளச்சேரி போர் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள், 10 நாளில் இலை முழுக்க வெள்ளைத் திட்டு. துணியால் துடைத்தாலும் போகாது. புது இலை முதல் இரண்டு வாரம் குழந்தையின் காது மாதிரி மெத்தென்று இருக்கும், அதைத் துடைக்கிறேன் என்று கை வைத்தால் விரல் பட்ட தடம் பழுப்பாகி அப்படியே நிற்கும். இலைக்குக் காயம் ஆறாது, அந்த இலை உதிரும் வரை தழும்போடுதான் இருக்கும். சுருளுக்குள் தண்ணீர் தங்கி, காற்றோட்டமும் இல்லாமல் போனால் கரும்புள்ளி வேறு. இதெல்லாம் சொல்லாமல் 3 வேளை என்று ஒரு வரி எழுதுவது எனக்குப் பொறுக்கவில்லை.

எத்தனை நிமிடம் என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

பச்சைவீடு:
நான் கேன் தண்ணீர்தான் தெளிக்கிறேன். போர் தண்ணீர் தெளிக்கச் சொல்லி எங்கே எழுதினேன்? சொல்லாததைச் சொன்னதாக எழுதாதீர்கள்.

மாடித்தோட்டம்:
சொல்லாமல் விட்டதுதான் குற்றம். போன வருஷமும் இப்படித்தான். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் அடியுங்கள் என்று நீங்கள் எழுதினீர்கள். எந்த நேரத்தில் என்று எழுதவில்லை. நான் அப்போது புதுசு, உங்கள் பேச்சை நம்பி உச்சி வெயிலில் அடித்தேன். பால்கனி மணி பிளாண்டில் 6 இலை வெந்துபோனது. அது என் அம்மா வீட்டிலிருந்து ஒரு கணு வெட்டிக் கொண்டுவந்து வளர்த்த கொடி.

பச்சைவீடு:
சாயங்காலம் என்று எழுதியிருந்தேன்.

மாடித்தோட்டம்:
நான் புலம்பிய பிறகு திருத்தி எழுதினீர்கள்.

டொரன்டோவாசி:
ஊரில் இருப்பவர்கள் ஈரத்துக்குச் சண்டை போடுவதைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. இங்கே ஜனவரியில் வெளியே உறைபனி, உள்ளே ஹீட்டர். அறையில் ஈரப்பதம் 25-க்கு இறங்கிவிடும். என் மான்ஸ்டெராவின் குருத்து அடி இலையின் காம்பை விட்டே வெளியே வரமாட்டேன் என்றது. முதல் தடவை பொறுமை இல்லாமல் நானே நகத்தால் பிரித்தேன், நடுவில் கிழிந்துவிட்டது. இன்றைக்கும் அந்த இலையைப் பார்த்தால் மனசு சங்கடப்படுகிறது. தயவுசெய்து யாரும் கையால் பிரிக்காதீர்கள். காற்றில் ஈரம் விடும் ஹியூமிடிஃபையர் கருவி வாங்கி 50-க்குக் கொண்டுவந்த பிறகு அடுத்த இலை தானாகவே விரிந்தது.

பச்சைவீடு:
பார்த்தீர்களா! ஈரம் கொடுத்ததும் விரிந்திருக்கிறது. நான் சொன்னது வேறு என்ன?

டொரன்டோவாசி:
ஐயோ, நான் தெளிக்கவில்லை. முதலில் ஸ்பிரேயரால் தெளித்துத்தான் பார்த்தேன், ஒரு பயனும் இல்லை. நாள் முழுக்க ஓடும் கருவியும் ஸ்பிரேயரும் ஒன்றாகிவிடாது.

மாடித்தோட்டம்:
அவரே சொல்லிவிட்டார். நாள் முழுக்க. உங்களுடையது 11 நிமிடம்.

பச்சைவீடு:
உங்கள் கருவியைச் செடியிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைத்தீர்கள்? ஒரு அடி தள்ளி வைத்திருந்தால் அது அறையின் கணக்கு. சுருளின் உள்மடிப்பில் நான் தெளித்த தண்ணீர் மத்தியானம் வரை நிற்கும். நானே தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

மாடித்தோட்டம்:
புது இலையைத் தொட்டும் பார்ப்பீர்களா?

பாட்டனி_வாத்தியார்:
டெல்டாக்காரருக்கு ஒரு வார்த்தை. ஒருவித்திலை, இருவித்திலை எனக்குத் தெரியாததில்லை. 31 வருஷம் பாடம் எடுத்திருக்கிறேன். மான்ஸ்டெரா சேம்பு, சேனை குடும்பம், வாழை குடும்பம் இல்லை. சேப்பங்கிழங்குக்கு யாராவது குருத்து என்பார்களா?

டெல்டாக்காரன்:
எங்கள் வீட்டில் சேம்புக் குருத்து என்றுதான் சொல்வோம் ஐயா. எங்கள் ஆத்தா சொன்ன வார்த்தையைத் தப்பு என்று சொல்ல இன்னும் 31 வருஷம் பாடம் எடுத்தாலும் முடியாது.

பால்கனி_புதுசு:
மன்னிக்கவும், நடுவில் ஒன்று. இன்று காலை பார்த்தேன், கருகிய இலையின் பின்பக்கம் வெள்ளி பூசின மாதிரி கோடு கோடாக இருக்கிறது. நடுவில் மிளகுத்தூள் தூவின மாதிரி கரும்புள்ளி. இது தண்ணீரால் வருமா?

டொரன்டோவாசி:
தம்பி, அது இலைப்பேன் மாதிரி இருக்கிறது. விரியாத சுருளுக்குள் புகுந்து சாறு உறிஞ்சும், இலை விரியும்போது கோணலாக வரும். கரும்புள்ளி அதன் எச்சம். செடியை மற்றச் செடிகளிடமிருந்து உடனே தள்ளி வையுங்கள். ஷவரில் காட்டி இலையின் இரண்டு பக்கமும் கழுவுங்கள். அப்புறம் 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் அடியுங்கள். வாரம் ஒரு தடவை, ஒரு மாதத்துக்கு விடாமல்.

பச்சைவீடு:
கழுவச் சொல்கிறார்கள் பாருங்கள். தினம் 3 வேளை தெளித்திருந்தால் பூச்சியே அண்டியிருக்காது.

மாடித்தோட்டம்:
இதற்கும் தெளிப்பதுதான் மருந்தா? குழாயைத் திறந்து கழுவுவது வேறு, மல்லிகைப் பூவுக்குத் தெளிக்கிற மாதிரி நாலு சொட்டு விடுவது வேறு.

தம்பி, நீங்கள் இலைப்பேனைக் கவனியுங்கள், அத்தோடு நிறுத்தாதீர்கள். இரண்டாவது இலை வெட்டு விழாமல் வந்ததற்குப் பூச்சி காரணம் இல்லை, வெளிச்சம் பத்தவில்லை. ஹாலின் நடுவில் டிவி பக்கத்தில் வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஜன்னலுக்கு இரண்டு அடிக்குள் நகர்த்துங்கள், நேர் வெயில் மட்டும் படக்கூடாது, கத்திரி நேரத்தில் மத்தியான வெயில் கண்ணாடி வழியாகப் பட்டாலே இலை பொசுங்கும். ஏறுவதற்குத் தென்னைநார் சுற்றிய கம்பு ஒன்று நடுங்கள். இது மரத்தில் ஏறி வளரும் கொடி, பிடிமானம் கிடைத்தால் அடுத்தடுத்த இலை பெரிதாக வரும்.

ஏசிக் காற்று நேராக அடிக்கும் இடத்தில் வைக்காதீர்கள். மண் வெறும் கோகோபீட்டாக, அதாவது தேங்காய் நார்த் தூளாக இருந்தால் மாற்றுங்கள். நர்சரியில் பெரும்பாலும் அப்படித்தான் தருகிறார்கள், தூரத்திலிருந்து லாரியில் வருவதற்கு எடை குறையும் என்று. அலசாத கோகோபீட்டில் உப்பு இருக்கும், நீங்கள் கொடுக்கும் கால்சியத்தையும் அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்று தண்ணீர் அலசி, செம்மண்ணும் மண்புழு உரமும் கலந்து, அடியில் தண்ணீர் நிற்காத மாதிரி வையுங்கள். இப்போது குருத்து வெளியே இருந்தால் அது விரிந்து கெட்டியாகும் வரை தொட்டி மாற்ற வேண்டாம்.

பச்சைவீடு:
இவ்வளவும் செய்துவிட்டு இலை விரிந்தால், எதனால் விரிந்தது என்று எப்படிச் சொல்வீர்கள்? நான் ஒன்றே ஒன்று செய்தேன். 14 இலை.

மாடித்தோட்டம்:
உங்கள் செடி எங்கே இருக்கிறது? கோயம்புத்தூரில், கிழக்கு ஜன்னலில், ஏசி இல்லாத வீட்டில். நீங்களே போன மார்கழியில் போட்ட படத்தில் பார்த்தேன். அந்த இடத்தில் தெளிக்காமல் விட்டாலும் 14 இலை வரும். ஒரு இலைக்குத் தெளிக்காமல் விட்டுப் பாருங்களேன்.

பச்சைவீடு:
ஒரு இலையைப் பலி கொடுத்து உங்களுக்கு நிரூபிக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. பிள்ளை மாதிரி வளர்க்கிறேன். நாளை 15-வது குருத்து வெளியே தலைகாட்டும். காலை 7 மணிக்குத் தெளிப்பேன்.

டெல்டாக்காரன்:
குருத்து என்றே எழுதியதற்கு நன்றி சார்.

பாட்டனி_வாத்தியார்:
பெரும்பான்மையால் சொல் சரியாகிவிடாது.

மாடித்தோட்டம்:
7 மணிக்குத் தெளியுங்கள். எத்தனை மணிக்குக் காய்ந்தது என்று மட்டும் இங்கே எழுதுங்கள். முதல் பதிவிலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.