இரண்டு ஊருக்கு ஒரு குடிநீர்த் திட்டம்: ஆர்.ஓ. பொருத்தலாமா? யார் பராமரிக்கிறது?

கல்முனைச்_செயலாளர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம், ஸலாம்.

எங்கட சேவைக் கழகம் சின்னது. கல்முனைப் பக்கம் அடுத்தடுத்துக் கிடக்கிற இரண்டு கிராமங்களுக்குப் பொதுவாக ஒரு குடிநீர்த் திட்டம் செய்யப் பார்க்கிறம். ஒன்று தமிழ் ஊர், மற்றது முஸ்லிம் ஊர். நடுவில ஒரு கொங்கிறீற் றோடுதான் எல்லை. இரண்டும் சேர்த்து 300 குடும்பம் வரும். கடலில் இருந்து அரைக் கிலோமீற்றருக்குள்ள எல்லாம் மணல் தரை. கொங்கிறீற் வளையம் இறக்கின கொட்டுக் கிணறுகள்தான். மாரியில வெள்ளம் கிணற்றுக்குள்ள இறங்கும், ஆடி ஆவணியில தண்ணி சவர் அடிக்கும்.

வெளிநாட்டுக் கழகம் ஒன்று ஆர்.ஓ. இயந்திரம் (தண்ணியை மென்சவ்வுக்குள்ளால அழுத்தி உப்பை வடிக்கிறது) வாங்கித் தரத் தயாராக இருக்கு. கோயில் நிர்வாகம் தங்கட வளவில வைக்கச் சொல்லுது, பள்ளிவாசல் நிர்வாகமும் இடம் தாறம் என்குது. இரண்டு பேரும் நல்ல மனதோடதான் கேக்கிறாங்க. ஆனா எங்க வைச்சாலும் மற்ற ஊர்ச் சனம் வருமா என்ற யோசனை இருக்கு. ஆர்.ஓ. உண்மையாகத் தேவையா, எந்த அளவு, எங்க வைக்கிறது, பிறகு யார் பார்க்கிறது? அனுபவம் உள்ளவங்க விபரமாகச் சொல்லுங்க.

மணல்வெளி எழுதியது:

தம்பி, இயந்திரத்துக்கு ஓம் சொல்ல முதல் தண்ணியைப் பரிசோதியுங்க. நன்கொடை எது கிடைக்குதோ அதுக்கேற்ற மாதிரித் திட்டம் போடுறதுதான் இந்தக் கரையோரத்தில பூட்டிக் கிடக்கிற பல நிலையங்களுக்குக் காரணம்.

இரண்டு ஊரிலும் சேர்த்து ஆறு கிணறாவது எடுங்க. கடலுக்குக் கிட்ட ஒன்று, தோணா அல்லது களப்புப் பக்கம் ஒன்று, வீடுகள் நெருக்கமாக உள்ள இடத்தில இரண்டு கட்டாயம். ஒரு தரம் பார்த்தால் போதாது. புரட்டாசியில கோடை முடியிற நேரம் ஒருக்கா, மார்கழியில வெள்ளம் வடிஞ்சாப் பிறகு ஒருக்கா. பார்க்க வேண்டியது மின்கடத்துதிறன் (உப்பு எவ்வளவு என்று காட்டும்), நைத்திரேற்று, இரும்பு, கடினத்தன்மை, புளோரைட், ஈ.கோலி (மலத்தால வாற கிருமி). இலங்கைத் தரம் எஸ்.எல்.எஸ். 614 இன்படி நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம், புளோரைட் 1, இரும்பு 0.3, கரைந்துள்ள மொத்தத் திண்மம் 500. ஈ.கோலி 100 மில்லிலீற்றரில ஒன்றுகூட இருக்கக் கூடாது. கையில வைக்கிற மீற்றரில மின்கடத்துதிறன் 750 மைக்ரோசீமன்ஸுக்குக் கிட்டக் காட்டினால் அது ஏறக்குறைய 500 திண்மம்.

முடிவு எப்படி வந்தால் என்ன செய்யிறது? உப்பும் நைத்திரேற்றும் எல்லைக்குள்ள இருந்து கிருமி மட்டும் கூடியிருந்தால் ஆர்.ஓ. வேண்டாம். கிணற்றுக்கட்டை உயர்த்தி, சுற்றிக் கொங்கிறீற் தளம் போட்டு, மூடி, குளோரின் இடுறதே போதும். நைத்திரேற்று கூடினால் அது வேற கதை. மலக்குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி இடைவெளி வேணும் என்பாங்க, ஆனா ஐந்து பேர்ச் காணியில அது எங்க கிடைக்கும்? மணலுக்குள்ளால குழித் தண்ணி நேராகக் கிணற்றுக்கு வருது. கொதிக்க வைச்சால் நைத்திரேற்று போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் செறியும். போத்தல் பால் கரைச்சுக் கொடுக்கிற கைக்குழந்தைக்கு அதுதான் ஆபத்து. அந்த இடத்தில ஆர்.ஓ. நியாயம். சவர், அதாவது கரைந்துள்ள திண்மம், 1000 முதல் 3000 வரை என்றாலும் நியாயம். 5000ஐத் தாண்டின கிணறு என்றால் அதை விட்டிட்டு வேற மூலம் தேடுங்க.

இனி அளவு. குடிக்கவும் சமைக்கவும் குடும்பத்துக்கு நாளைக்கு 10 முதல் 15 லீற்றர் வைச்சால் 3000 முதல் 4500 லீற்றர் வரும். மணிக்கு 500 லீற்றர் தாற இயந்திரம் எட்டு மணித்தியாலம் ஓடினால் 4000. ஆனா உள்ள போற தண்ணியில பாதிதான் நல்ல தண்ணியாக வரும். அதாவது கிணற்றில இருந்து நாளைக்கு 8000 லீற்றர் இழுக்க வேணும். இந்த இடத்தில கவனம். எங்கட மணலுக்குக் கீழ நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்குது. கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நிண்டால் கீழ 40 அடி வரைக்கும் நல்ல தண்ணி இருக்கும் என்றது கணக்கு. மேல ஒரு அடி இறைச்சுக் குறைச்சால் கீழ உப்பு அதே கணக்கில மேல ஏறப் பார்க்கும். ஒரே கிணற்றில பெரிய மோட்டர் போட்டு இழுத்தால் ஒரு கோடையிலயே அந்தக் கிணறு உப்பாகிப் போகும், சுத்திவர உள்ள வீட்டுக் கிணறுகளும் கெடும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கரையோரக் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைச்சும் உப்பு குறையேல்ல. மாரி மழைதான் கழுவினது. ஆகவே மூன்று கிணறு, சின்ன மோட்டர், முறைக்கு ஒன்று. உறிஞ்சு குழாயை அடியில விடாமல் நீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ தொங்க விடுங்க.

கழிவு நீரில உப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். பக்கத்து வாய்க்காலில விட்டால் அது மணலுக்குள்ள இறங்கித் திரும்பவும் உங்கட கிணற்றுக்கே வரும். மலசலகூடம் கழுவ ஒரு தனித் தாங்கியில பிடியுங்க. மிச்சத்தைக் கிணறுகளுக்குக் கடல் பக்கமாகக் குழாய் போட்டு விட வேணும். அதுக்கு உள்ளூராட்சி சபையிட்ட எழுத்தில அனுமதி எடுங்க.

மென்சவ்வு எப்படிக் கெடும் என்றால், குளோரின் பட்டால் அரிச்சுப் போகும், அதனால கரி வடி சரியாக வேலை செய்ய வேணும். இரும்பு இருந்தால் 5 மைக்ரோன் வடி ஒரு கிழமையிலயே மண்ணிறமாகும், அப்படியென்றால் முன்னால காற்றூட்டி மணல் வடி போடுங்க. கடினத்தன்மைக்குப் படிவுத் தடுப்பு மருந்து வேணும். எல்லாத்திலும் மோசம் இயந்திரத்தைச் சும்மா நிறுத்தி வைக்கிறது. ஈரச் சவ்வில கிருமி படரும். பெருநாள், தீபாவளி லீவு என்றாலும் நாளைக்கு அரை மணித்தியாலம் ஓட்டத்தான் வேணும்.

கரைவாகு எழுதியது:

மணல்வெளி அண்ணன் இயந்திரத்தைச் சொல்லிட்டார். நான் ஆட்களைப் பற்றிச் சொல்றன். சமாதான வேலை என்று தனியாக ஒரு கூட்டமும் விளையாட்டுப் போட்டியும் வைக்கத் தேவையில்ல. இந்தத் தண்ணி நிலையத்தை இரண்டு ஊரும் சேர்ந்து நடத்தினால் அதுதான் வேலை.

இடம்: கோயில் வளவும் வேண்டாம், பள்ளிவாசல் வளவும் வேண்டாம். இரண்டு நிர்வாகத்துக்கும் நேரில போய் நன்றி சொல்லி, ஏன் வேண்டாம் என்று ஒரே நாளில இரண்டு இடத்திலும் விளக்குங்க. எல்லை றோட்டோரம் அரச காணித் துண்டு ஒன்றுக்குப் பிரதேச செயலகத்தில எழுத்தில அனுமதி எடுங்க. வாய்ப் பேச்சு உத்தியோகத்தர் மாறினால் போயிடும். குழாய்கள் இரண்டு பக்கமும் பார்க்க வேணும், யாரும் மற்ற ஊர் ஒழுங்கைக்குள்ளால நடந்து வந்து வாங்கிற மாதிரி இருக்கக் கூடாது. வெளிச்சம் கட்டாயம், மஃரிபுக்குப் (அந்தித் தொழுகை) பிறகு வாறது பெண்கள்.

குழு: ஊருக்கு ஐந்து பேர். மொத்தம் பத்துப் பேரில பாதிப் பேர் பெண்கள், தண்ணி சுமக்கிறவங்கதான் குழாய் ஒழுகினால் முதல்ல சொல்லுவாங்க. வங்கிக் கணக்கில ஊருக்கு ஒரு கையெழுத்து, இரண்டும் இல்லாமல் காசு எடுக்க ஏலாது. இயக்குறதுக்கும் ஊருக்கு ஒருவர், இருவருக்கும் முழு வேலையும் பழக்குங்க. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் தமிழ்ப் பொடியன் நிப்பான், கோயில் திருவிழாவுக்கு முஸ்லிம் தம்பி நிப்பார். நோன்பு மாதம் அஸருக்குப் (பின்னேரத் தொழுகை) பிறகு சனம் குவியும், அதனால பகல் 3 மணிக்கு முதல் தாங்கி நிரம்பியிருக்க வேணும்.

இலவசமாகக் கொடுக்காதீங்க. லீற்றருக்கு இவ்வளவு என்று இரண்டு ஊருக்கும் ஒரே விலை. மின்சாரம், மாதா மாதம் மாத்துற வடி, இயக்குறவர் கூலி, இரண்டு மூன்று வருசத்தில மாத்த வேண்டிய மென்சவ்வு, இந்த நாலையும் மாதக் கணக்கில கூட்டி, மாதத்தில விக்கிற லீற்றரால பிரியுங்க. வாற தொகைக்குக் கீழ விலை வைச்சால் மென்சவ்வு போற நாளில நிலையம் மூடும். ஏலாத குடும்பங்களுக்குச் சலுகை அட்டை கொடுக்கலாம், ஆனா பட்டியலை இரண்டு ஊர்க் குழுவும் சேர்ந்து போட வேணும்.

கடைசியாக, ஆனா மிக முக்கியமாக: வதந்தி. 2018 பெப்ரவரியில அம்பாறை நகரில சாப்பாட்டில மலட்டு மாத்திரை என்ற கதையால கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. பிறகு பகுப்பாய்வில அது வெறும் மாவுக் கட்டி என்று வந்தது. 1990 வன்செயலைக் கண்ட ஊர்கள் இது, 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு வந்த பயமும் முழுசாகப் போகேல்ல. தண்ணியில எதையோ கலந்திட்டாங்க என்று ஒருவர் சொன்னால் போதும். அதனால தாங்கி மூடிக்கு இரண்டு பூட்டு, ஒவ்வொரு ஊர்த் திறப்பும் இருந்தால்தான் திறபடும். பரிசோதனை முடிவு மாதா மாதம் சுவரில ஒட்ட வேணும். யாருக்காவது வயிற்றோட்டம் என்று கேள்விப்பட்டால் அன்றைக்கே குழுவில இரண்டு ஊர் ஆளும் சேர்ந்து அந்த வீட்டுக்குப் போகோணும், தனிய ஒரு தரப்புப் போகக் கூடாது.

படுவான்கரைத்_தங்கச்சி எழுதியது:

நிலையம் வந்தாலும் வீட்டுக் கிணறுகளை மறக்காதீங்க, குளிக்கவும் பாத்திரம் கழுவவும் அதுதான். வெள்ளத்துக்குப் பிறகு குளோரின் இடுற கணக்கு இது.

கிணற்றின் உள் விட்டத்தையும் நீரின் ஆழத்தையும் அடிக் கணக்கில அளந்து, விட்டத்தை விட்டத்தாலயே பெருக்கி, ஆழத்தால பெருக்கி, 22 ஆல பெருக்குங்க. லீற்றர் வரும். 4 அடி விட்டம், 6 அடித் தண்ணி என்றால் ஏறக்குறைய 2100 லீற்றர். லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரின் கணக்கில 70 வீதத் தூள் என்றால் 150 கிராம், 30 வீத வெளிற்றும் தூள் என்றால் 350 கிராம். பையில வீதம் எழுதியிருக்கும், பார்க்காமல் கரண்டிக் கணக்கில போடுறதுதான் வழமையான பிழை. திறந்து நாளான தூள் எங்கட ஈரக் காத்துக்கு வலு இழந்திருக்கும், புதுசு வாங்குங்க.

முதல்ல மிதக்கிற குப்பையை எடுத்து, கலங்கல் தண்ணியை மெதுவாகப் பாதிவரை இறையுங்க. முழுக்க வத்த விட்டால் மணல் சரிஞ்சு கொட்டு இறங்கும். உள் சுவரைத் தேய்ச்சுக் கழுவி, தண்ணி ஊறித் தெளிய விடுங்க. கலங்கலில போட்ட குளோரினைச் சேறே தின்றிடும். பிளாஸ்டிக் வாளியில தூளைக் கரைச்சு அரை மணித்தியாலம் அடைய விட்டு, தெளிவை மட்டும் ஊத்துங்க. வாளியை மேலயும் கீழயும் இழுத்துக் கலக்கி, இரவு முழுக்க மூடி வையுங்க. காலையில மணம் போகும் வரை கொஞ்சம் கொஞ்சமாக இறைச்சுவிட்டு, மிச்சக் குளோரின் லீற்றருக்கு 0.5 மில்லிகிராமுக்குக் கீழ வந்தாப் பிறகு பாவிக்கலாம். இறைச்ச தண்ணியை மீன் உள்ள குளத்துக்கோ பயிருக்கோ விடாதீங்க.

ஈ.கோலிக்கு மாதிரி எடுக்கிறதென்றால் அடுத்த நாளே எடுக்காதீங்க, ஒரு கிழமை போகட்டும். ஆய்வுகூடம் தாற கிருமி நீக்கிய போத்தலில எடுத்து, ஐஸ் பெட்டியில வைச்சு, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்க. உங்கட பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிட்டக் கேட்டால் வழி சொல்லுவார்.

எங்கட படுவான்கரை (மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை) ஆட்கள் இதை வாசிச்சால்: இங்க கீழ பாறை, குழாய்க் கிணற்றில புளோரைட் கூடலாம். அதுக்குக் குளோரினும் கொதிக்க வைக்கிறதும் உதவாது, பரிசோதிச்ச பிறகு முடிவெடுங்க.

கல்முனைச்_செயலாளர் எழுதியது:

நன்றி அண்ணன், நானா, தங்கச்சி. வெளிநாட்டுக் கழகம் றோட்டரி. மானியத்துக்கு எழுதலாம் என்கிறாங்க. இந்தக் கிழமையே அத்திவாரம் வெட்டிட்டு எழுதலாமா? குழாய்நீர் பிறகு வரும் என்றும் ஒரு கதை அடிபடுது.

வாவிக்கரை எழுதியது:

வெட்ட வேண்டாம்! தொடங்கின வேலைக்கு மானியம் தரமாட்டாங்க. றோட்டரியின் முக்கிய பணித்துறைகள் ஏழில தண்ணீர்-சுகாதாரமும் சமாதானமும் இரண்டுமே இருக்கு, அதனால உங்கட திட்டம் பொருந்தும். ஆனா உலகளாவிய மானியத்துக்கு மொத்தச் செலவு குறைந்தது 30,000 அமெரிக்க டொலர் இருக்க வேணும், உள்ளூர்க் கழகம் ஒன்றும் வேறு நாட்டுக் கழகம் ஒன்றும் சேர்ந்து எழுத வேணும். நீங்க றோட்டரி இல்லையென்றால் மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் உள்ள றோட்டரிக் கழகம் ஒன்றைப் பங்காளியாக்குங்க. சின்னத் தொகை என்றால் றோட்டரி மாவட்ட மானியம் போதும்.

எழுத முதல் சமூகத் தேவை மதிப்பீடு கட்டாயம். மணல்வெளி சொன்ன பரிசோதனை முடிவுகள், காணி அனுமதிக் கடிதம், குழுப் பெயர்ப் பட்டியல், விலைக் கணக்கு, இவை நாலும் கையில இருந்தால் பாதி வேலை முடிஞ்சுது. பயிற்சிச் செலவையும் பாதீட்டில போடுங்க, இயந்திரத்துக்கு மட்டும் கேட்டால் திருப்பி அனுப்புவாங்க.

குழாய்நீர் விசயம் கதையாகக் கேக்காதீங்க. நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பிராந்திய அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி, எந்த ஒழுங்கைக்கு எப்ப என்று எழுத்தில கேளுங்க. ஒரு வருசத்துக்குள்ள வருமென்றால் ஆர்.ஓ. காசை ஏலாத குடும்பங்களின் இணைப்புக் கட்டணத்துக்குப் போடுறது எவ்வளவோ மேல்.

மணல்வெளி எழுதியது:

வாவிக்கரை சொன்னது சரி. பதில் வர எப்படியும் நாள் எடுக்கும், அந்த நேரத்துக்குள்ள இரண்டு ஊர்ப் பாடசாலைகளிலயும் மழைநீர்த் தாங்கி கட்டலாம். 50 சதுர மீற்றர்க் கூரையில 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 4000 லீற்றர் பிடிக்கலாம், ஐப்பசி கார்த்திகையில அது பெரிய மழையில்ல. முதல் ஒரு மில்லிமீற்றரை, அதாவது 50 லீற்றரை, தனிக் குழாயால வெளிய விடுங்க, கூரைத் தூசியும் காக்கை எச்சமும் அதிலதான். வாயெல்லாம் நுளம்பு வலை, இல்லாட்டி டெங்குதான் வளரும்.

மின்கடத்துதிறன் மீற்றர் இரண்டு வாங்கி இரண்டு பாடசாலைப் பிள்ளைகளிட்டயும் கொடுங்க. மாதத்தில ஒரே நாள், அதே ஆறு கிணறு. இந்த ஊர்ப் பிள்ளை அந்த ஊர்க் கிணற்றையும் அளந்து ஒரே கொப்பியில எழுதட்டும். இலக்கம் ஏறத் தொடங்கின கிணற்றில அடுத்த நாளே மோட்டரை நிறுத்துங்க.