சின்ன பிரைமர் விரலில் நிற்கவில்லை, ஒன்று கார்ப்பெட்டில் தொலைந்தும் போய்விட்டது

கேட்டி தாத்தா:

எல்லோருக்கும் வணக்கம். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் இருக்கிறேன், வயது 61. மாதம் இரண்டு தடவை துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போவேன், 9 எம்எம் கைத்துப்பாக்கி மட்டும்தான். போன வருடம் ரீலோடிங் சாமான்கள், அதாவது சுட்ட தோட்டாவை மறுபடி நிரப்பும் கருவிகள், வாங்கினேன். தோட்டாவின் பித்தளைக் கூடான கேஸைச் சுத்தம் செய்வது, வெடிமருந்துப் பவுடர் நிறுப்பது, புல்லட்டை உட்காரவைப்பது எல்லாம் கைக்குப் பழகிவிட்டது. கேஸின் அடியில் பதித்துப் பவுடரைப் பற்றவைக்கும் பிரைமரில்தான் தடுமாறுகிறேன்.

சர்க்கரை வந்து 12 வருடம் ஆகிறது. இப்போது விரல் நுனியில் உணர்வு குறைந்துவிட்டது, சட்டைப் பொத்தான் போடவே நேரம் பிடிக்கிறது. ஸ்மால் பிஸ்டல் பிரைமரோ உளுத்தம் பருப்பு அளவுதான். ஒவ்வொன்றாக எடுத்து, அதைக் கேஸில் அழுத்திப் பதிக்கும் கைக்கருவியில் வைக்கிறேன். பாதி நழுவுகிறது, சில தலைகீழாக உட்காருகிறது.

சனிக்கிழமை 100 கொண்ட ஒரு தட்டைத் திறந்தேன். 61 சரியாக உட்கார்ந்தது. ஒரு கேஸில் இறுக்கமாக இருந்தது, அழுத்தினேன், பிரைமர் ஒரு பக்கமாக நசுங்கி நின்றுவிட்டது. வெடிக்கவில்லை. அப்புறம் கை நடுங்கியதால் நிறுத்திவிட்டேன். மிச்சம் 37ஐக் காலி மாத்திரை டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். கூட்டிப் பார்த்தால் 99தான் வருகிறது. ஒன்று கார்ப்பெட்டில் எங்கேயோ கிடக்கிறது. காந்தம் வைத்துத் தடவிப் பார்த்தேன், ஒட்டவில்லை.

வரும் வெள்ளிக்கிழமை மகள் வருகிறாள், பேத்திக்கு ஒன்பது மாதம், தவழ்கிறாள். வீட்டம்மா வாக்குவம் போட்டுவிடலாம் என்கிறார், நான் வேண்டாம் என்று அந்த அறையைப் பூட்டி வைத்திருக்கிறேன். தொலைந்ததை எப்படித் தேடுவது? இந்த விரல்களோடு இந்த வேலையைத் தொடர முடியுமா?

பித்தளைப்பை:

அண்ணா, முதலில் அந்த மாத்திரை டப்பா. அதைக் குலுக்காதீர்கள், காரில் எங்கேயும் கொண்டுபோகாதீர்கள். கடையிலிருந்து வரும் தட்டில் பிரைமர்கள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனிக் குழியில் இருப்பதற்குக் காரணம் உண்டு. உள்ளே இருப்பது லெட் ஸ்டிஃப்னேட் கலவை. அடியிலும் வெடிக்கும், சூட்டிலும் வெடிக்கும், ஸ்டாட்டிக் பொறியிலும் வெடிக்கும். தட்டில் ஒன்று வெடித்தால் பெரும்பாலும் ஒன்றோடு போகும். டப்பாவில் குவிந்து கிடக்கும் 37 ஒரே நேரத்தில் போகும், டப்பாவின் துண்டுகள் முகத்துக்கு வரும். தீபாவளிக்குக் கல்லால் தட்டும் பொட்டுவெடியோடு இதை ஒப்பிடவே கூடாது.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மேசையில் பருத்தித் துண்டை நாலாக மடித்து விரித்து, டப்பாவைப் படுக்கவைத்த மாதிரி சாய்த்து மெதுவாகச் சரிய விடுங்கள். பிறகு அதே பழைய தட்டில் ஒவ்வொன்றாகத் திரும்ப வையுங்கள். முனை மழுங்கிய பிளாஸ்டிக் இடுக்கி இருந்தால் விரலே தேவையில்லை. தட்டைத் தூக்கிப் போட்டிருந்தால் அடுத்த பெட்டியின் காலித் தட்டு ஆகும். இனிமேல் அன்றைக்குத் தேவையானதை மட்டும் வெளியே எடுங்கள்.

காந்தம் ஒட்டாது. பிரைமர் கப் பித்தளை, வெள்ளியாக மின்னினால் பித்தளைக்கு மேல் நிக்கல் பூச்சு. வாக்குவம் வேண்டாம் என்றது சரியான முடிவு: உள்ளே சுழலும் விசிறி அதை அடிக்கலாம், ஸ்டாட்டிக்கும் சேரும், ஈயத் தூசியை அறை முழுக்க ஊதிவிடும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து மெல்லத் திருப்புங்கள். கார்ப்பெட் நூலுக்கு நடுவே ஒரு புள்ளி மின்னும். கட்டில், மேசைக் கால்களைச் சுற்றி முதலில் பாருங்கள், அங்கேதான் உருண்டு போய் நிற்கும்.

இனி விரல் விஷயம். இந்த வேலையில் பிரைமரை விரலால் தொடவேண்டிய அவசியமே இல்லை. உங்கள் கைக்கருவியோடு ஒரு வட்டத் தட்டு வந்திருக்கும், அடியில் வரிவரியாகக் கோடு இருக்கும். கடைத் தட்டின் உறையை உருவி, வட்டத் தட்டை அதன்மேல் கவிழ்த்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் திருப்புங்கள். 100ம் மொத்தமாக இறங்கிவிடும். பிறகு மாவு சலிக்கிற மாதிரி பக்கவாட்டில் மெல்ல அசையுங்கள், மேலும் கீழும் வேண்டாம். பளபளப்பான அடிப்பக்கம் வழவழப்பு, அதனால் வரிமேல் வழுக்கிக்கொண்டு போகும். திறந்த பக்கம் கீழே இருப்பவற்றின் விளிம்பு மட்டும் வரியில் மாட்டும், அவை தாமாகப் புரண்டு, ஆன்வில் (திறந்த பக்கத்தில் தெரியும் சிறு உலோகத் துண்டு) மேலே பார்க்க நிற்கும். கைக்கருவி கீழிருந்து மேலே தள்ளுவதால் ஆன்வில் மேலே இருப்பதுதான் சரி. புரளாத ஒன்றிரண்டை இடுக்கியால் திருப்பிவிட்டு மூடியைப் போட்டுவிடுங்கள்.

நசுங்கியது பற்றி ஒரு கேள்வி. அந்த கேஸின் அடியில் வட்டத்துக்குள் கூட்டல் குறி மாதிரி முத்திரை இருக்கிறதா? இருந்தால் அது நேட்டோ ராணுவத் தோட்டா. ராணுவ கேஸில் பிரைமர் கழன்று வரக்கூடாது என்று பாக்கெட் (பிரைமர் உட்காரும் குழி) விளிம்பை உள்பக்கம் மடித்திருப்பார்கள். அந்த மடிப்பைத் தனிக் கருவியால் விரித்தோ வெட்டியோ எடுக்காமல் புது பிரைமர் நுழையாது. ரேஞ்சில் பொறுக்கிய கேஸ்களில் இது கலந்து வரும். கை எதிர்த்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். அந்த கேஸைத் தட்டியோ குத்தியோ பிரைமரை எடுக்கப் பார்க்காதீர்கள். எண்ணெயில் ஊறவைத்தால் செத்துவிடும் என்பார்கள், நம்பாதீர்கள். ரேஞ்சில் வெடிக்காத தோட்டாவுக்கு டப்பா வைத்திருந்தால், அங்கே பொறுப்பாளரிடம் விஷயத்தைச் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

டென்வர் அக்கா:

ஐயா, குழந்தை வருவதால் இதைச் சொல்கிறேன். தொலைந்த ஒன்று கிடைத்தாலும் ஈயம் அந்த அறையில் இருக்கும். சுட்ட பிரைமரின் கரியிலும் ஈயம்தான். என் மேசை முதலில் படுக்கையறையில்தான் இருந்தது, பையன் பிறக்கப்போகிறான் என்றதும் கராஜுக்கு மாற்றினேன். அங்கே சிமென்ட் தரை, ஈரத்துணியால் துடைக்கலாம், விழுந்தது கண்ணுக்குத் தெரியும். கேஸை உலர் டம்ளரில் (உலர் துகளோடு குலுக்கிச் சுத்தம் செய்யும் இயந்திரம்) போடுவதை விட்டுவிட்டுத் தண்ணீரில் கழுவுகிறேன், தூசி பறக்காது. வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவி, சட்டையை மாற்றிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்குவேன்.

இன்னொன்று. பிரைமர் கேஸின் அடி விளிம்புக்குச் சற்று உள்ளே, ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு, இறங்கியிருக்க வேண்டும். விரலால் தடவிப் பார்க்கச் சொல்வார்கள், உங்களுக்கு அது உதவாது. பவுடர் போடுவதற்கு முன் கேஸைத் தட்டையான கண்ணாடித் துண்டின்மேல் நிறுத்துங்கள். ஆடினால் பிரைமர் துருத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஸ்மால் ரைபிள் பிரைமர் வீட்டில் இருந்தால் அதே மேசைக்கு வரவே கூடாது. இரண்டும் 0.175 அங்குலம், பார்த்துப் பிரிக்க முடியாது.

கேட்டி தாத்தா:

இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவே கிடைத்துவிட்டது. விளக்கை அணைத்து, குப்புறப் படுத்து, டார்ச்சை மெல்லத் திருப்பினேன். புத்தக அலமாரியின் கால் கார்ப்பெட்டை அழுத்தி இருக்கும் குழியில் ஒரு மினுக்கல். ஈரத் தாளால் ஒற்றி எடுத்தேன். டப்பாவில் இருந்த 37ம் நீங்கள் சொன்னபடியே தட்டுக்குத் திரும்பிவிட்டது. அதற்கு நாற்பது நிமிடம் ஆயிற்று, அவசரப்படவில்லை.

தம்பி சொன்ன முத்திரை அந்த கேஸில் இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்து மிச்சம் இருந்த 200 கேஸையும் பார்த்தேன், 14ல் இருந்தது, தனியாக எடுத்துவைத்துவிட்டேன். வட்டத் தட்டு பெட்டியிலேயே பிளாஸ்டிக் உறையோடு கிடந்தது. நான் அதை வெறும் மூடி என்று நினைத்திருந்தேன். இன்று கராஜில் 38ஐயும் அதில் போட்டு அசைத்தேன். 35 தானாகப் புரண்டது, மூன்றை மட்டும் இடுக்கியால் திருப்பினேன். கையில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஏற்கெனவே பிரைமர் போட்ட 61ஐயும் கண்ணாடியில் நிறுத்திப் பார்த்தேன், இரண்டு ஆடுகின்றன, அவற்றையும் ஒதுக்கிவிட்டேன்.

மேசையைக் கராஜுக்கு மாற்ற மருமகன் வெள்ளிக்கிழமை உதவுவதாகச் சொல்லியிருக்கிறார். கார்ப்பெட்டை எடுத்துவிட்டுத் தரை போடுவது பற்றி வீட்டம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். அதுவரை அந்த அறைக் கதவு பூட்டியே இருக்கும்.