‘ஐடில் டைம்’: சோம்பல் நேரம் என்று எழுதலாமா?

கோத்தகிரியிலிருந்து, திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். தேயிலைத் தொழிற்சாலையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கான சிறு கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை அச்சுக்குப் போகவேண்டும். வாட்டுவது, நறுக்குவது, நொதிக்கவிடுவது, உலர்த்துவது எல்லாம் பெரிய தொந்தரவில்லாமல் தமிழாகிவிட்டன. ஐடில் (idle) என்ற ஒரே ஆங்கிலச் சொல்தான் மாட்டிக்கொண்டது.

மூன்று இடத்தில் வருகிறது. ஐடில் டைம் என்றால் இலை வராமலோ கரண்ட் இல்லாமலோ ஆட்கள் நிற்கும் நேரம். ஐடில் ரன்னிங் என்றால் இயந்திரம் ஓடுகிறது, உள்ளே இலை இல்லை. ஐட்லர் என்பது கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சுழலும் உருளை.

பழைய கையேட்டில் ‘சோம்பல் நேரம்’ என்று போட்டிருக்கிறார்கள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆட்களின் தினசரி வேலைத் தாளிலும் அதையே ஒரு கட்டமாக அச்சடித்துவிட்டார்கள். போன ஜனவரியில் உறைபனி விழுந்து கொழுந்தெல்லாம் கருகிப்போன வாரம், ஒரு அக்காவின் தாளில் ‘சோம்பல் நேரம்: நான்கு மணி’ என்று எழுதியிருந்தது. “கொழுந்து கருகினா நான் சோம்பேறியா?” என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடாமல் போய்விட்டார். எனக்கு அவர் பக்கம்தான் நியாயமாகப் படுகிறது. நல்ல சொல் தாருங்கள்.

பழனி அடிவாரத்திலிருந்து, செவ்வாய் காலை

அம்மா, அந்த அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சோம்பல் குற்றத்தின் பெயர். ‘சோம்பித் திரியேல்’ என்று ஔவை குழந்தைக்குச் சொல்கிறாள், உறைபனிக்குச் சொல்லவில்லை.

வள்ளுவர் 605ஆம் குறளில் நெடுநீர், மறவி, மடி, துயில் என்று நான்காகப் பிரிக்கிறார். காலம் கடத்துவது வேறு, மறந்துவிடுவது வேறு, சோம்பியிருப்பது வேறு, தூங்குவது வேறு. ஆங்கிலத்தார் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சாயல்களெல்லாம் ஒன்றே முக்கால் அடியில் அடங்கிவிட்டன. தொல்காப்பியரும் மெய்ப்பாட்டியலில் மடிமையை ஒரு மெய்ப்பாடாக வைக்கிறார். மெய்ப்பாடு என்றால் மனத்தில் இருப்பது உடம்பில் தெரிவது. இயந்திரத்துக்கு மனம் ஏது? ஆகவே சோம்பல், மடி இரண்டும் தள்ளுபடி.

என் பரிந்துரை ‘ஓய்’. ஏன் என்றால், உரியியலில் ‘ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய் ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்’ என்று நூற்பா. கவனியுங்கள், ‘உள்ளதன்’ நுணுக்கம். இல்லாமல் போவதன்று, இருப்பது மெலிவது. இயந்திரம் நிற்கவில்லை, வேலை மட்டும் மெலிந்திருக்கிறது. இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? ஓய்நேரம், ஓய்வோட்டம், ஓயுருளை. மூன்றும் தீர்ந்தது.

குன்னூரிலிருந்து, செவ்வாய் மதியம்

புலவர் ஐயா, தீரவில்லை. நான் இருபது வருடமாக இயந்திரம் பார்க்கிறவன். மழை ஓய்ந்தது என்றால் மழை நின்றது என்றுதான் எங்களுக்கு அர்த்தம். தொல்காப்பியர் காலத்தில் மெலிந்திருக்கலாம், இப்போது நின்றுவிட்டது.

இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி இயந்திரத்தில் இரண்டு பல் உருளைகள் எதிரெதிராகச் சுழலும். ஒன்று மெதுவாக, மற்றது அதைவிடச் சுமார் பத்து மடங்கு வேகமாக. அந்த வித்தியாசத்தில்தான் இலை கிழிபடுகிறது. ‘ஓய்வோட்டத்தில் இருக்கிறது’ என்று பலகையில் எழுதி வைத்தால், புதுப் பையன் முதல் மூன்று எழுத்தைப் பார்த்துவிட்டுக் கையை உள்ளே விடுவான். ஓடுகிறது என்பது சொல்லில் தெரியவேண்டும். நாங்கள் ‘சும்மா ஓடுது’ என்போம். அதையே போடுங்களேன்.

கொடைக்கானலிலிருந்து, செவ்வாய் இரவு

நான் பள்ளியில் இயற்பியல் எடுப்பவன். ஆனால் அகராதி பார்க்கும் கெட்ட பழக்கம் உண்டு.

ஆங்கிலச் சொற்களை முதலில் பிரித்துக்கொள்வோம். ஐடில் பழைய ஆங்கிலத்தில் சோம்பல் இல்லை, வெறுமை. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆதியாகமத்தை அந்த மொழிக்குக் கொண்டுவந்த ஏல்ஃப்ரிக், ஆதியில் பூமி ‘ஐடிலாக’ இருந்தது என்றுதான் எழுதினார். நம் வேதாகமத்தில் அதே வசனத்தில் ‘வெறுமையுமாய் இருந்தது’ என்று வரும். பூமி சோம்பேறியாகவா இருந்தது? குற்றம் சாட்டும் பொருள் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. இதில் வேடிக்கை, காலி என்று பொருள்படும் எம்ப்டி என்ற சொல்லின் வேர் பழைய ஆங்கிலத்தில் ஓய்வைக் குறித்தது. இரண்டு சொற்களும் வீடு மாற்றிக்கொண்டிருக்கின்றன.

லேசி 16ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது. அதன் வேர் இன்றுவரை உறுதியில்லை. அது முழுக்க வசைதான், நம் சோம்பேறிக்குச் சரி. சோம்பலைக் குறிக்கும் இண்டொலென்ட் லத்தீனில் வலியில்லாதது. இன்றும் மருத்துவர்கள் மெதுவாக வளரும் கட்டியை அப்படிச் சொல்வார்கள். ஓய்வுப் பொழுதைக் குறிக்கும் லெஷர் ‘அனுமதிக்கப்பட்டது’ என்ற வேரிலிருந்து வந்தது, அதாவது மேலே ஒருவர் இருந்து விடுமுறை தரவேண்டும். ஸ்கூல் என்பதற்குக் கிரேக்கத்தில் ஓய்வு என்று பொருள். இதை என் ஒன்பதாம் வகுப்பில் சொன்னேன். அப்புறம் அந்தப் பாடவேளை முழுக்க வீணாயிற்று.

1894இல் ரேலேயும் ராம்சேயும் ஒரு வாயுவைக் கண்டுபிடித்தார்கள். அது எதனோடும் சேராமல் இருந்ததால் ‘வேலை செய்யாதது’ என்ற கிரேக்கச் சொல்லால் ஆர்கான் என்று பெயரிட்டார்கள். நம் பாடநூல் அந்தக் குடும்பத்தை மந்த வாயு என்றது. சோம்பல் வாயு என்று எழுதவில்லை பாருங்கள். அங்கே யாரோ யோசித்திருக்கிறார்கள்.

ஆக, வெறுமை. ஐடில் ரன்னிங் வெற்றோட்டம், ஐடில் டைம் வெறுநேரம். வெற்றிடம் வருகிறதென்றால் வெற்றோட்டமும் வரும். நன்னூல் ‘தன்னொற்று இரட்டல்’ என்று சொன்னது இதைத்தானே ஐயா?

பழனி அடிவாரத்திலிருந்து, புதன் காலை

நூற்பா சரி. வெற்றோட்டம் என்ற சொல்லில் எனக்கு இலக்கணக் குறை இல்லை, ஓய்வோட்டத்தை இழந்த வருத்தம் மட்டும். ஆனால் வெறுநேரத்தை ஏற்கமாட்டேன். வெறு என்பது வெறுத்தலுக்கும் பகுதி. வினைத்தொகையாக எடுத்தால் வெறுக்கிற நேரம், வெறுத்த நேரம், வெறுக்கும் நேரம். மூன்று காலத்துக்கும் வெறுப்பு.

‘சும்மா’வைப் பற்றி. தம்பி, அது மலிவான சொல் அல்ல. எங்கள் மலை முருகனைப் பாடிய அருணகிரியார் ‘சும்மா இரு சொல்லற’ என்றார். தாயுமானவர் மதயானையை நடத்தலாம், கரடி, புலி வாயைக் கட்டலாம், சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பதுதான் அரிது என்றார். சித்தர்கள் தவமிருந்து அடைந்த நிலையை இலை இல்லாமல் சுற்றும் உருளைக்குத் தரலாமா?

குன்னூரிலிருந்து, புதன் மதியம்

அந்த நேரத்தை எல்லோரும் வெறுக்கத்தான் செய்கிறார்கள் ஐயா, சொல் பொருத்தமாகத்தான் விழுந்திருக்கிறது.

கரடி வாயைக் கட்டுவது பற்றித் தாயுமானவர் குன்னூருக்கு வந்து சொல்லட்டும். போன வாரம் எங்கள் லைன் வீடுகளுக்குப் பக்கத்துக் கோயிலில் கதவைப் பெயர்த்து விளக்கெண்ணெயைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறது.

கொடைக்கானலிலிருந்து, புதன் மாலை

தலைப்பை விட்டு விலகுகிறேன், மன்னிக்கவும். அந்தக் கரடிக்கு ஆங்கிலத்தில் ஸ்லாத் பேர், சோம்பல் கரடி. 1791இல் ஜார்ஜ் ஷா என்பவர் அதன் நீண்ட நகங்களைப் பார்த்துத் தென்னமெரிக்காவில் மரத்தில் தொங்கும் ஸ்லாத் இனம் என்று நினைத்துப் பெயர் வைத்துவிட்டார். கரடி என்று தெரிந்த பின்னும் பெயர் போகவில்லை. இரவெல்லாம் கறையான் புற்றைத் தோண்டும் உயிருக்குச் சோம்பேறிப் பட்டம். நம்மிடம் தேன்கரடி. சொல்லை ஒட்டுவதில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1875இல் ஜபல்பூரில் மழைக்காலத்தில் பொழுது போகாத ராணுவ அதிகாரிகள் உருவாக்கிய ஆட்டம் ஸ்னூக்கர். அதன் விதிகள் எழுதப்பட்டது உதகை கிளப்பில் என்பார்கள். அவர்களுடையது லெஷர். அதே மலையில் கொழுந்துக்காகக் காத்து நின்றவருடையது ஐடில் டைம். இரண்டையும் ‘ஓய்வு’ என்று எழுதினால் எனக்கு உறுத்தும்.

கூடலூரிலிருந்து, புதன் இரவு

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து இங்கே வந்த குடும்பம் எங்களுடையது. பாட்டி அங்கே ஒரு யாழ்ப்பாணத்து ஆசிரியையிடம் படித்தவர். அவரிடமிருந்து ஒட்டிக்கொண்ட ஒரு சொல்லை விடவே இல்லை: ‘பஞ்சி’. பஞ்சியாய்க் கிடக்கு என்றால் சோம்பலாக இருக்கிறது. வசை இல்லை, உடம்பு எழ மறுக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது தேயிலைக்கு வாருங்கள். வளராமல் உறங்கும் மொட்டைத் தோட்டத்தில் ‘பஞ்சி’ என்றுதானே சொல்கிறோம்? இரண்டும் ஒரே சொல்லாக இருக்கக்கூடாதா? ஐடிலுக்குப் பஞ்சி என்றே வைத்தால் தோட்டத்துக்காரருக்கு உடனே புரியும்.

‘மினக்கெடு’வும் நினைவுக்கு வருகிறது. வினைக்கெடு என்பதன் திரிபு. யாழ்ப்பாணத்தில் மினக்கெடாதே என்றால் நேரத்தை வீணாக்காதே. இங்கே மெனக்கெட்டுச் செய்தேன் என்றால் பாடுபட்டுச் செய்தேன். ஒரே சொல் பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் சோம்பல், இந்தப் பக்கம் உழைப்பு.

கொடைக்கானலிலிருந்து, புதன் இரவு

மினக்கெடு அருமை. பஞ்சி மட்டும் ஒட்டாது அக்கா. தேயிலைப் பஞ்சி, மலடு என்று பொருள்படும் இந்திச் சொல்லின் வழியில் வந்தது என்றுதான் சொல்வார்கள். ஆங்கிலத் தோட்டத்துரைகள் பரப்பியது.

பழனி அடிவாரத்திலிருந்து, வியாழன் அதிகாலை

இரவு தூங்கவில்லை. பஞ்சியை அவ்வளவு எளிதில் விட்டுவிடக்கூடாது. பஞ்சி என்றால் பஞ்சு. கம்பன் சூர்ப்பணகையை ‘பஞ்சி ஒளிர் விஞ்சு குளிர்’ என்று நடக்கவிடுகிறான். பஞ்சு மென்மை, மென்மையிலிருந்து துவட்சி, துவட்சியிலிருந்து சோம்பல். யாழ்ப்பாணத்துப் பஞ்சி இப்படி வந்திருக்கத் தடை என்ன? தேயிலைப் பஞ்சியும் ஏன் இங்கிருந்து வடக்கே போயிருக்கக்கூடாது? விரிவாக நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

கோத்தகிரியிலிருந்து, வியாழன் காலை

ஐயா, அந்த நான்கு பக்கத்தை அடுத்த வாரம் அனுப்புங்கள், கட்டாயம் படிப்பேன். எனக்கு நாளை காலை கெடு. பஞ்சி எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் உறங்கும் மொட்டையும் நிற்கும் ஆளையும் ஒரே கையேட்டில் ஒரே சொல்லால் அழைக்க முடியாது.

ஐட்லரைப் பற்றி யாரும் பேசவே இல்லை. அது பெல்ட்டை ஓட்டுவதில்லை, தாங்குகிறது. நாள் முழுக்கச் சுமக்கும் உருளைக்கு வேலையில்லாதவன் என்று பெயர் வைத்த ஆங்கிலத்தை நாம் ஏன் பின்பற்ற வேண்டும்? ‘தாங்குருளை’ என்று போடுகிறேன். ஐடில் ரன்னிங் வெற்றோட்டம். அடைப்புக்குறிக்குள் ‘இலையில்லாமல் ஓடுவது’ என்று ஒருமுறை விளக்கிவிடுகிறேன், கை தப்பிக்கும். எஞ்சியது ஐடில் டைம்.

கூடலூரிலிருந்து, வியாழன் மதியம்

ஒரு யோசனை. 1947ஆம் ஆண்டின் பழைய தொழில் தகராறுச் சட்டம் லே-ஆஃப் (ஆளை வேலை தராமல் நிறுத்திவைப்பது) என்பதை விளக்கியபோது ஆளைப் பற்றிப் பேசவில்லை. மின்சாரப் பற்றாக்குறை, மூலப்பொருள் பற்றாக்குறை, இயந்திரப் பழுது என்று காரணத்தைத்தான் அடுக்கியது, அதனால் முதலாளி வேலை தர இயலாமல் போவது என்று முடித்தது. வேலை தராதது யார் என்பது அதில் தெளிவாக இருந்தது. கட்டத்திலும் அப்படித் தெரியவேண்டாமா? அந்த அக்காவையே கேட்டுப் பாருங்களேன்.

கோத்தகிரியிலிருந்து, வியாழன் இரவு

கேட்டேன். ஓய்நேரம் என்றதும், “ஓய்வு கொடுத்தாங்களா? நின்னுக்கிட்டே இருந்தேன்” என்றார். வெறுநேரம் என்றதும் சிரித்தார். சும்மா நேரம் என்றால் மேஸ்திரி கிண்டல் பண்ணுவாராம். “அப்போ நீங்க எப்படிச் சொல்வீங்க?” என்றேன். “வேலை வரலைன்னு சொல்லுவேன். வேறென்ன சொல்ல?” என்றார்.

‘வேலை வராத நேரம்’ என்று போட்டுவிட்டேன். குன்னூர், கூடலூர் இரண்டும் சரி என்றன. கொடைக்கானல், வெறுநேரம் தோற்ற வருத்தத்தோடு சரி என்கிறது.

பழனி அடிவாரத்திலிருந்து, வெள்ளி காலை

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ‘வேலை வராத நேரம்’ தொடர், கலைச்சொல் அன்று. இதிலிருந்து ஒரு பெயரடை ஆக்க முடியுமா? ஐடில் கெபாசிட்டி என்று அடுத்த கையேட்டில் வந்தால் ‘வேலை வராத கொள்திறன்’ என்பீர்களா? ஓய்கொள்திறன் என்று நான் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

அந்த அக்கா கையெழுத்துப் போட்டால் எனக்கு மகிழ்ச்சிதான். ஒன்றே ஒன்று: அச்சகத்தில் வெற்றோட்டத்தை ‘வெற்றி ஓட்டம்’ என்று திருத்திவிடுவார்கள். மெய்ப்புத் தாளை ஒருமுறை எனக்கு அனுப்புங்கள் அம்மா.