வெப்பநிலை மாற்றும் கணக்கு: தேர்வில் உங்களுக்கு எப்படி வந்தது? (பலர் எழுதிய பதில்கள்)

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வின் மாதிரித் தாள் ஒன்றில் எனக்கு வந்தது இந்த வகை. கெல்வினை ஃபாரன்ஹீட்டாக மாற்றும் சார்பைக் கொடுத்திருந்தார்கள்: ஃபா = 9/5 (கெ − 273.15) + 32. கெல்வினில் 3 கூடினால் ஃபாரன்ஹீட்டில் எவ்வளவு கூடும் என்பதுதான் கேள்வி. விடைகளில் −454.27 இருந்தது, 37.4 இருந்தது, 5.4-உம் இருந்தது. கெ இருக்கும் இடத்தில் 3-ஐ அப்படியே போட்டால் முதலாவது வரும். 9/5-ஆல் பெருக்கிவிட்டு, பழக்கதோஷத்தில் 32-ஐக் கூட்டினால் இரண்டாவது வரும். பக்கத்தில் இருந்த நண்பன் நிம்மதியாக 37.4-ஐக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். சரியான விடை 5.4. அந்த 273.15-க்கு இங்கே வேலையே இல்லை.

*

இந்தத் தேர்வுகளுக்குப் பாடம் எடுக்கிறேன். மேலே சொன்னது அடிக்கடி பார்க்கிற ஒன்று. பிள்ளைகளுக்குச் சூத்திரம் தெரியாமல் இல்லை, மனப்பாடமாகவே சொல்வார்கள். கேள்வியில் ‘வெப்பநிலை எவ்வளவு’ என்று இருக்கிறதா, ‘எவ்வளவு உயர்ந்தது’ என்று இருக்கிறதா என்பதைத்தான் கவனிப்பதில்லை.

அதனால் நான் சூத்திரத்தை முதலில் கொடுப்பதே இல்லை. தண்ணீர் உறைவது 0 செல்சியஸ், 32 ஃபாரன்ஹீட். கொதிப்பது 100, 212. இந்த இரண்டு புள்ளிகள் வழியாக ஒரு நேர்கோடு போடு என்பேன். ஒரு பக்கம் 100 படி, மறுபக்கம் 180 படி. 180/100 என்பது 9/5, அதுதான் சாய்வு. 32 என்பது கோடு எங்கே தொடங்குகிறது என்பது மட்டும். இரண்டு வெப்பநிலைகளைக் கழித்தால் 32-உம் 32-உம் அடிபட்டுப் போகும், மிஞ்சுவது சாய்வுதான். கோட்டைத் தானே போட்டவர்களுக்கு இதை மறுபடி சொல்ல வேண்டியிருப்பதில்லை.

இதே விஷயத்தை மூன்று கூற்றுகளாகக் கொடுத்து எவை சரி என்று கேட்பதும் உண்டு. 1 ஃபாரன்ஹீட் உயர்வு 5/9 செல்சியஸ் உயர்வுக்குச் சமம். 1 செல்சியஸ் உயர்வு 1.8 ஃபாரன்ஹீட் உயர்வுக்குச் சமம். 5/9 ஃபாரன்ஹீட் உயர்வு 1 செல்சியஸ் உயர்வுக்குச் சமம். முதல் இரண்டும் சரி. மூன்றாவதில் 5/9 என்ற தெரிந்த முகம் இருப்பதால் அதையும் சேர்த்துவிடுகிறார்கள். எந்தப் படி பெரியது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். செல்சியஸ் படிதான் பெரியது. பெரிய படி ஒன்றுக்குச் சின்னப் படி ஒன்றுக்கும் குறைவாக எப்படிப் போதும்?

அப்புறம் செல்சியஸை எழுவாயாக மாற்ற, அதாவது ‘செ =’ என்று தொடங்கும்படி எழுதச் சொன்னால், செ = 5/9 ஃபா − 32 என்று அடைப்புக்குறி இல்லாமல் எழுதுவது. இதைப் பிடிக்கக் கணிப்பான்கூட வேண்டாம். ஃபா = 32 என்று போட்டால் 0 வர வேண்டும். வரவில்லை என்றால் அந்த விடையை அடித்துவிடலாம்.

*

கணிப்பான் இல்லாத தேர்வுகளில் எனக்குக் கைகொடுத்தது −40. அந்த ஒரு இடத்தில்தான் இரண்டு அளவுகோலும் ஒரே எண்ணைக் காட்டும். எந்தப் பக்கம் மாற்றினாலும் முதலில் 40 கூட்டு, பெருக்கு, பிறகு 40 கழி. ஃபாரன்ஹீட்டுக்குப் போனால் 9/5, செல்சியஸுக்கு வந்தால் 5/9. 10 செல்சியஸ் என்றால் 50, 90, 50 ஃபாரன்ஹீட். திரும்பி வந்தால் 90, 50, 10. 32-ஐ முன்னால் கழிப்பதா பின்னால் கழிப்பதா என்ற குழப்பம் போயே போச்சு.

*

இயற்பியல் நுழைவுத் தேர்வுக்குத் தயாரானபோது இதே கணக்கு வேறு வேஷத்தில் வந்தது. பழுதான வெப்பமானி, உருகும் பனிக்கட்டியில் 5 காட்டுகிறது, நீராவியில் 95 காட்டுகிறது. அது 59 காட்டும்போது உண்மையான செல்சியஸ் எவ்வளவு? பலர் 5-ஐக் கழித்து 54 என்று நிறுத்திவிடுவார்கள். அந்த வெப்பமானியில் மொத்தம் 90 படிதான் இருக்கிறது. 54/90 என்றால் 0.6, ஆக 60 டிகிரி.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த பகுதி: அந்த வெப்பமானி எங்கே சரியாகக் காட்டும்? (x − 5)/90 = x/100. x = 50. இது மேலே ஒருவர் சொன்ன −40 கணக்கேதான், எண்கள்தான் வேறு.

*

அந்த −40-ஐ விடையாக மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்களுக்காகவே கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்கிறார்கள். ஃபாரன்ஹீட் எண், செல்சியஸ் எண்ணைப் போல் இரண்டு மடங்காக இருப்பது எப்போது என்று எனக்கு வந்தது. ஃபா-வுக்குப் பதில் 2செ போட்டால் 2செ = 9/5 செ + 32, அதாவது செ/5 = 32. விடை 160 செல்சியஸ், 320 ஃபாரன்ஹீட். ஒரே ஒரு வரிதான். விடைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம் என்றால் அதுவும் வேலை செய்யும், ஆனால் கேள்வி செல்சியஸைக் கேட்கிறதா ஃபாரன்ஹீட்டைக் கேட்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு வந்த தாளில் 160, 320 இரண்டுமே விடைகளில் இருந்தன.