வயதான ராக் ஜோடிகள்: கிட்டே நின்று கேட்டவர்கள் சொல்வது

ஜோடியாக வாசிப்பவர்கள் பிரிந்தால் என்ன ஆகிறது, வயதான பிறகும் சேர்ந்து வாசிக்க என்ன செய்ய வேண்டும்? சென்னையிலிருந்து நான்கு பேர் பேசுகிறார்கள்.

பெரம்பூர், கிட்டார்

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பாடகர் மிக் ஜாகர், கிட்டார்காரர் கீத் ரிச்சர்ட்ஸ் இருவரும் 1943-ல் பிறந்தவர்கள். 1980-களில் முட்டிக்கொண்டார்கள். ஜாகர் 1985-லும் 1987-லும் தனி ஆல்பம் போட்டார், ரிச்சர்ட்ஸ் 1988-ல். ஜாகரின் முதல் தனி ஆல்பத்தில் பெரிய கிட்டார்காரர் ஜெஃப் பெக்கே வாசித்திருக்கிறார். அப்படியும் ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டு நிற்கிற மாதிரி அவை நிற்கவில்லை. காரணம் கிட்டாரைக் கையில் எடுத்தால் தெரியும்.

ரிச்சர்ட்ஸ் ஆறாவது கம்பியை, அதாவது ஆகத் தடித்ததை, கழற்றிவிடுகிறார். மிச்சம் ஐந்தின் சுரம் தடித்த கம்பியிலிருந்து ஜி, டி, ஜி, பி, டி. ஐந்தாவது கம்பியை ஏ-யிலிருந்து ஜி-க்கும், முதல் கம்பியை ஈ-யிலிருந்து டி-க்கும் இறக்குங்கள். நடுவில் உள்ள மூன்றைத் தொட வேண்டாம். ஐந்தாவது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே இருக்கும் கட்டத்தில்) ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்க வையுங்கள், சி மேஜர் கார்டு (சுரக்கூட்டு) வந்துவிடும். அதை எடுக்காமலே நடுவிரலை இரண்டாவது கம்பியின் ஆறாவது ஃப்ரெட்டிலும், மோதிர விரலை நான்காவது கம்பியின் ஏழாவது ஃப்ரெட்டிலும் வைத்தால் எஃப். அந்த இரண்டு விரலை வைப்பதும் எடுப்பதும்தான் பாதி ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டு). ஆறாவது கம்பி இருந்தால் அடியில் இன்னொரு டி முழங்கி பாஸை அமுக்கிவிடும்.

இப்படி வாசித்தால் கார்டுக்கும் கார்டுக்கும் நடுவே நிறைய இடம் கிடைக்கும். ஜாகர் சொல்லை வெட்டி வெட்டிப் பாடுவது அந்த இடத்தில்தான். அவருடைய தனி ஆல்பங்களில் அந்த இடத்தை சின்த் (மின்கருவி கீபோர்டு) ஒலி அடைத்துக்கொண்டது. 1988-ல் ரிச்சர்ட்ஸுக்கு அந்த வெட்டுப் பாட்டு கிடைக்கவில்லை. அந்த ஆல்பத்துக்கு டிரம்ஸ் வாசித்த ஸ்டீவ் ஜோர்டன்தான், 2021-ல் ஸ்டோன்ஸின் டிரம்ஸ்காரர் சார்லி வாட்ஸ் மறைந்த பிறகு அவர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

விரல் மூட்டில் வாதம் இருப்பதை ரிச்சர்ட்ஸ் 2023-ல் வெளிப்படையாகவே சொன்னார். பக்கத்தில் 1975 முதல் இன்னொரு கிட்டார்காரர் ரான் வுட். இவர் விட்டதை அவர் எடுப்பார், எது யார் கை என்று பிரிக்கவே முடியாது.

நம் ஊர் ஜாம் ரூம்களில் (குழுக்கள் பயிற்சி செய்யும் அறைகளில்) இதே பாட்டு கொழகொழவென்று ஆவதற்குக் காரணம் ஒன்றுதான்: இரண்டு கிட்டாரும் ஆறு கம்பியிலும் விரலைக் குறுக்கே படுக்க வைத்து பார் கார்டு பிடிப்பது. ஒருவர் ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேலே போக வேண்டும், கெய்ன் (ஒலியை முரடாக்கும் திருகு) குறைய வேண்டும். மிக்சரில் இரண்டு கிட்டாருக்கும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். பாஸ்காரர் முகம் மலரும்.

அடையாறு, கீபோர்டு

பாடகருக்கு ஐம்பது தாண்டினால் பழைய கட்டையில் பிடிவாதம் வேண்டாம். அரைக்கட்டை, தேவைப்பட்டால் ஒரு கட்டை இறக்குங்கள். ஜெனசிஸ் மாதிரி பெரிய குழுக்களே பில் காலின்ஸின் குரலுக்காக இறக்கித்தான் கடைசிச் சுற்றுப்பயணம் போனார்கள். அதில் அவர் உட்கார்ந்து பாட, டிரம்ஸ் வாசித்தது அவர் மகன்.

இறக்கும்போது கிட்டார்காரரை வேறு கார்டு பிடிக்கச் சொல்லாதீர்கள். திறந்த கம்பியில் வரும் ரிஃப் செத்துவிடும். எல்லாரும் ட்யூனிங்கையே இறக்குங்கள். அரைக்கட்டைக்கு கம்பியின் இறுக்கம் ஏறக்குறைய 11 சதவீதம் குறையும். கழுத்து பின்னால் சாய்ந்து முதல் சில ஃப்ரெட்டில் கரகரக்கும். கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடைக் கால் சுற்று தளர்த்தி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். கொஞ்சம் தடிமனான 11 கேஜ் கம்பி போட்டால் பழைய இறுக்கத்தையும் தாண்டிவிடும், மூட்டு வலிக்காரருக்கு 10 போதும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அகூஸ்டிக் கிட்டாரின் மேல்பலகை உப்பி ஆக்‌ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம்) தானாக ஏறும், அந்த மாதங்களில் ராடைத் திருகுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

கீபோர்டில் கட்டையை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தியவர் பாட்டு முடிந்ததும் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். மேடை நாசமாவது பெரும்பாலும் அடுத்த பாட்டின் முதல் கார்டில்தான்.

மயிலாப்பூர், வயலின்

பெரம்பூர் அண்ணா சொல்வதை முழுசாக ஏற்க முடியவில்லை. விஸ்வநாதன்–ராமமூர்த்தி 1952 முதல் 1965 வரை சேர்ந்திருந்தார்கள். பிரிந்த பிறகு எம்.எஸ்.வி. தனியாகவே கொடிகட்டிப் பறந்தார். ராமமூர்த்திக்குத்தான் படம் குறைந்தது. 1995-ல் மறுபடி சேர்ந்து ஒரு படம் செய்தார்கள், பழைய அலை எழவில்லை. பிரிந்தால் இருவருக்கும் ஒரே நஷ்டம் என்று சொல்ல முடியாது. மெட்டை விடாமல் ஊற்றிக்கொண்டிருப்பவர் தாக்குப்பிடிப்பார்.

ஆனால் ஒன்று. 1965-க்கு முந்தைய பாட்டில் வயலின் வரிசையை மட்டும் தனியாகக் கேளுங்கள். பாடகரை ஒட்டிக்கொண்டே ஓடாமல், அவர் மூச்செடுக்கும் இடத்தில் புகுந்து வெளியேறும். ராமமூர்த்தி வயலின்காரர், வில் எங்கே திரும்பும் என்பது அவருக்குக் கையில் இருந்த விஷயம்.

பெரம்பூர், கிட்டார்

சரிதான், சார். பாடகர் எல்டன் ஜான் – பாடலாசிரியர் பெர்னி டாபின் ஜோடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1967-லிருந்து டாபின் வரி எழுதிக் கொடுப்பார், எல்டன் வேறு அறையில் மெட்டுப் போடுவார். நம் சினிமாவில் பெரும்பாலும் மெட்டு முதலில், பாட்டு பிறகு. எந்த வரிசையானாலும் யார் வேலை எது என்று தெரிந்த ஜோடிதான் நீடிக்கிறது.

வேளச்சேரி, ஒலி

காது விஷயத்தை யாரும் சொல்லவில்லையே! பல வருஷம் சத்தத்தில் நின்றவருக்கு முதலில் போவது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. அவருக்குக் கேட்கவில்லை என்று ட்ரெபிளை (உயர்சுர ஒலியை) ஏற்றுவார், முன்வரிசைக்குக் காதைக் கிழிக்கும். அவர் ஆம்பின் டோனை ஜோடிக்காரர் கூட்டத்தில் நின்று வைக்க வேண்டும், அவரே வைக்கக் கூடாது. ஏசி/டிசி ராக் குழுவின் பாடகர் பிரையன் ஜான்சன் 2016-ல் காது பிரச்சினையால் சுற்றுப்பயணத்தைப் பாதியில் விட்டார். பிறகு காதில் வைத்துக் கேட்கும் புதுவகை இன்-இயர் கருவியோடுதான் திரும்பினார்.

கணக்கு இதுதான்: 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கும், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம். மூடிய ஜாம் ரூமில் டிரம்ஸ் பக்கத்தில் 100 சுலபமாக வரும். பஞ்சு வேண்டாம், அது உயர்சுரத்தை மட்டும் தின்னும். 15 டெசிபல் சமமாகக் குறைக்கும் இசைக்காரர் இயர்பிளக் வாங்குங்கள், இரண்டு பேருக்கும் ஒரே வகை. ஒருவர் மட்டும் போட்டால் தன் சத்தம் போதவில்லை என்று ஆம்பைத் திருகுவார், மற்றவரும் திருகுவார்.