வாடகைக்கு விட வீடு வாங்கலாமா? கணக்குப் பார்க்க உதவுங்கள்

வணக்கம். வாடகைக்கு விடுவதற்காக ஒரு பழைய அடுக்குமாடி வீட்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஆண்டு வாடகை, விலையில் 6 சதவீதம் என்கிறார் தரகர். அது செலவு கழிக்காத கணக்கு. பதிவுச் செலவை விலையோடு கூட்டினாலே சதவீதம் இறங்கிவிடுகிறது. ஆண்டில் ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடந்தால் வாடகையில் 8 சதவீதத்துக்கு மேல் போய்விடும். வரி, காப்பீடு, பராமரிப்புக் கட்டணம் வேறு.

எனக்குப் பெரிய கவலை பழுதுதான். குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் பூச்சு உப்பி, தொட்டால் உதிர்கிறது. குழாயை மாற்ற வேண்டியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது. இப்படிப்பட்ட பழைய வீட்டுக்கு வாடகையில் எத்தனை பங்கைப் பழுதுக்கென்று ஒதுக்குகிறீர்கள்? விலை ஏறும் என்பதை நான் வரவில் சேர்க்கவில்லை. விற்றால்தானே அது பணம்? கடன் வட்டி நிகர வாடகையை விஞ்சினாலும் வாங்கியவர்கள் இருந்தால், மாதாமாதம் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.