சொந்த லாரி, சொந்த ஓட்டம்: தவணை போக மிஞ்சுவது என்ன?

கேள்வி:
சங்ககிரியில் பல ஆண்டுகள் சம்பளத்துக்கு லாரி ஓட்டிய பின், சென்ற ஆண்டு பழைய பத்துச் சக்கர வண்டி ஒன்றைத் தவணையில் வாங்கி நானே ஓட்டி வருகிறேன். போகும் வாடகை கட்டுப்படியாகிறது. ஆனால் திரும்பும் லோடுக்காக மூன்று நாள் காத்துக் கிடப்பதில் அது கரைந்துவிடுகிறது. தவணை தவறாமல் கட்ட நீங்கள் கணக்கை எப்படி வைத்துக்கொள்கிறீர்கள்?

பதில் 1:
நடைக்கு ஒரு பக்கமாக நோட்டில் எழுதுங்கள். டீசல், சுங்கம், புரோக்கர் கமிஷன், ஏற்றுக்கூலி ஆகியவற்றோடு உங்கள் ஓட்டுநர் சம்பளத்தையும் செலவாகக் கழித்த பிறகு நிற்பதுதான் வண்டியின் வருமானம். நம்மில் பலர் அந்தச் சம்பளத்தையே லாபம் என்று நினைத்துக்கொள்கிறோம். டயருக்கான பணத்தைக் கிலோமீட்டர் கணக்கில் அன்றன்றே தனியாக எடுத்து வையுங்கள்.

பதில் 2:
பத்து வண்டிக்கு மேல் இல்லாதவர் பான் எண்ணுடன் உறுதிமொழி கொடுத்தால் வாடகையில் டிடிஎஸ் (வாடகை தருபவர் முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடிக்க வேண்டியதில்லை. பலர் இதைக் கேட்டு வாங்குவதே இல்லை.

பதில் 3:
எட்டு ஆண்டு கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எடுக்க வேண்டும் என்பதால், பெயின்ட், பிரேக் வேலைக்கான தொகையை முன்கூட்டியே சேர்த்து வையுங்கள். தார்ப்பாயையும் பாருங்கள். உள்ளங்கை அகலக் கிழிசல் வழியாக நான்கு சிமென்ட் மூட்டை நனைந்ததற்காக, என் பாக்கி வாடகையை ஒருவர் இரண்டு மாதம் நிறுத்தி வைத்தார்.